சாமி கால்களுக்கு ஊற்றும் தண்ணீர்

கோவிந்தாபுரத்தில் ஒரு ஆள் காரணமில்லாமல் ஓடினால் ஊர் சும்மா விடாது. நான் ஓடத் தொடங்கிய புதிதில் என்னை ஏற்றிக்கொள்ள நின்ற பைக்குகளுக்குக் கணக்கே இல்லை. "ஏனுங்க பாய், பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்பார்கள். இல்லை, உடம்புக்காக ஓடுகிறேன் என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எங்களுடையது கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிற கடை. நாள் முழுக்க மூட்டை தூக்கி இறக்குகிறவனுக்கு ஓட்டம் வேறு எதற்கு என்பது அவர்கள் நியாயம். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது சலிப்பாக இருந்தது, அதனால் ஓடினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

ஓட்டம் பிடித்துப்போனதும் ஆசையும் கூடவே வந்தது. முழு மாரத்தான் ஓட வேண்டும் என்று கோயம்புத்தூரில் பணம் கட்டிப் போனேன். பாதிக்கு மேல் போனதும் தொடை கல்லாக இறுகிவிட்டது, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். முடியாமல் போகிறவர்களை அள்ளிக்கொண்டு வர ஒரு வேன் பின்னாலேயே வரும். அதில் ஏற்றினார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனேன். அந்த வேனுக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்கடுத்து எடவப்பாதி என்று சொல்கிற ஜூன் மழையில் நனைந்த சாக்ஸோடு நெடுந்தூரம் ஓடி, இரண்டு உள்ளங்காலும் ஊறி வெளுத்துத் தோல் கழன்றது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது ஆறியதும் குதிகால் வலி பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் ஆணிமேல் வைத்த மாதிரி இருக்கும். மறுபடியும் பணம் கட்டியிருந்தேன், பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் ஓட்டம். அதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது.

நோன்பைப் பிடித்துக்கொண்டே பயிற்சியையும் விடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. நோன்பு திறப்பதற்கு முந்தின நேரமாகப் பார்த்து ஓடுவேன். முடித்த கையோடு தண்ணீர் குடிக்கலாம் என்பது என் கணக்கு. நோன்பா ஓட்டமா, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று என் மனைவி கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். உடம்பு மட்டும் ஒன்றுதானே இருக்கிறது என்றாள். நான் ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வருடம் நோன்புக்குள்ளேயே பங்குனி உத்திரமும் வந்தது. உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் நெம்மாறை, கொல்லங்கோட்டுப் பக்கமிருந்து எங்கள் கடை வழியாகத்தான் போவார்கள். டீம் டீமாக வருவார்கள், முன்னால் ஒரு குருசாமி, நடுவில் காவடிகள். கடையில் நின்று கயிறு வாங்குவார்கள். மாலை போட்டவர்களுக்குக் கண்ணில் படுகிற எல்லோரும் சாமிதான். "சாமி, ஒரு முழம் கூடப் போடுங்க" என்று என்னையும் சாமி ஆக்கிவிட்டுத்தான் போவார்கள்.

அன்றைக்கு எனக்கு நீண்ட ஓட்டம். பொள்ளாச்சி ரோட்டில் போய்த் திரும்புவதாகத் திட்டம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்னப் பாலத்தின் கட்டையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, மடியில் துணிப்பை. என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஒரு காலை மற்றக் கால் முட்டிமேல் போட்டு உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் நானும் தோல் கழன்ற அந்தக் காலைப் பார்த்துவிட்டேன். என் கால் அப்படி இருந்ததை மறக்க முடியுமா? ஓட்டம் தானாக நின்றுபோனது.

டீம் எங்கே என்று கேட்டேன். முன்னால் போய்விட்டதாம், முந்தின நாளே இவர்தான் அவர்களைப் போகச் சொன்னாராம். இவர் மெதுவாக நடக்கிறவர், இவருக்காக அவர்கள் நின்றால் உத்திரத்துக்குள் ஒருவரும் மலை ஏற முடியாது. பஸ் ஏறச் சொல்லி வழியில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்களாம். நானும் அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து முகத்தை இறுக்கி வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. அந்த வேனில் உட்கார்ந்தவனுக்கு அது வாயில் வராது.

அதனால்தானோ என்னவோ, அவரே பேசத் தொடங்கினார். வேண்டிக்கொண்ட நேர்ச்சை அவருடையது இல்லை, வீட்டுக்காரருடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வருடம் தவறாமல் நடந்து போகிற மனிதர். போன மழைக்காலத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாயும் குழறிப்போனது. இனி நம் நடை முடிந்தது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். உங்களுக்குப் பதிலாக நான் நடக்கிறேன் என்று இவர் மாலையைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் ஒழுங்காகச் சோறு தின்றாராம்.

"நான் பஸ் ஏறுனா அவரு நடை நின்னுபோனதா ஆயிருமுங்க சாமி. மறுக்கா செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு," என்றார்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் வீட்டுக்காரருக்குப் போன் போடுவாராம். முந்தின நாள் போட்டபோது, டீம் கூடத்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்லியிருந்தார்.

என் இடுப்புப் பையில் தோலில் ஒட்டுகிற நாடா எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்து எப்படி ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, தென்னந்தோப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னாலிருந்து ஒரு சந்தேகம் வந்தது. "இது செருப்புக் கணக்குல வருமுங்களா?" நேர்ச்சைக்காரர் காலில் எதுவும் போடக் கூடாதே. மருந்துக் கணக்குத்தான் என்று தைரியமாகத் தீர்ப்புச் சொன்னேன். அந்த அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

துணிப்பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் அன்னதானப் பந்தல் இருக்கிறது, சில பெண்கள் டீமும் அங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும். அதுவரை கூட வருகிறேன் என்றேன். நீண்ட ஓட்டம் அத்தோடு போனது. வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். கொஞ்ச தூரம்வரை பட்டேன்.

முதல் வீடுகள் வந்ததும்தான் கால் ஏன் அப்படி ஆனது என்று புரிந்தது. அந்த ரோட்டில் வீட்டுக்கு வீடு வாசலில் குடத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பார்கள். நடந்து வருகிற சாமிகளின் காலில் ஊற்றி, தொட்டுக் கும்பிடுவார்கள். சாமி காலை நீட்டாமல் போனால் அந்த வீட்டை ஒதுக்கினது மாதிரி. டீமாகப் போனால் ஒரு குடம் பத்துக் காலுக்குப் பகிர்ந்து போகும். இவர் தனியாக வந்ததால் முழுக் குடமும் இவர் ஒருவர் காலுக்கே. ஊறி, தாரில் சுட்டு, மறுபடி ஊறி, தோல் கழன்றிருக்கிறது. அன்பினால் வந்த புண். நாடாவும் நனைந்தால் நிற்காது.

என் பொறுமையைத்தான் முதலிலேயே சொன்னேனே. குடத்தோடு இறங்கி வந்த பெண்ணைப் பார்த்துத் தூரத்திலேயே கையை ஆட்டி, ஊத்தாதீங்க என்று சத்தம் போட்டுவிட்டேன். தாடி வைத்த ஒருவன், ஷூவும் வேர்வையுமாக, வாசலில் வந்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், எங்க ஊட்டு வாசல்ல வர்ற சாமிக்கு நாங்க தண்ணி ஊத்தறதுல உங்களுக்கு என்னங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் இன்றைய காலத்தில் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வாசலிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், நோன்பு வறட்சியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அந்த அம்மா எனக்கு முன்னால் வந்து இரண்டு காலையும் நீட்டிவிட்டார். தண்ணீர் பட்டதும் அவர் தோள் குலுங்கியது. முகத்தில் மட்டும் சிரிப்பு. என்னைக் காப்பாற்றத்தான் நீட்டினார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் தள்ளிப் போய் நாடாவைப் பிய்த்துத் துடைத்துப் புதிதாக ஒட்டினோம். மிச்சம் அதிகமில்லை. ரோட்டைப் பார்த்தேன், ஆற்றுப் பாலம்வரைக்கும் வாசலுக்கு வாசல் குடம். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஷூவைக் கழற்றி, கயிறு இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாசலில் நான்தான் முதலில் போய்க் காலை நீட்டினேன். "அந்தச் சாமிக்குக் கால் புண்ணுங்க, ஈரம் ஆகாது. அவங்களுக்கு ஊத்தற தண்ணிய என் காலுக்கு ஊத்தீருங்க," என்றேன்.

அந்த வீட்டு அம்மா என் தாடியைப் பார்த்தார், பின்னால் நின்ற பச்சைச் சேலையைப் பார்த்தார். பிறகு குனிந்து ஊற்றினார். தொட்டுக் கும்பிட மட்டும் பச்சைச் சேலை அம்மாவிடம் போனார், காலைத் தொடாமல் தரையைத் தொட்டார். ஐந்து வேளையும் தொழுகைக்குக் கால் கழுவுகிறவன் நான். இன்னொருவர் கை ஊற்றிக் கழுவினது அன்றுதான். பகல் முழுக்கத் தொண்டை கேட்ட குளிர்ச்சி காலில் இறங்கியது. தண்ணீர் இவ்வளவு நல்ல பொருளா என்று நினைத்தேன்.

அப்படியே வாசல் வாசலாகப் போனோம். சிலர் சிரித்தார்கள். ஒருவர், பாய்க்கு இன்னும் ரெண்டு சொம்பு சேர்த்து ஊத்து என்றார். வெறுங்காலில் தார் ரோட்டில் என் குதிகால் உயிர் போனது. அந்த அம்மாவின் நடைக்கு ஏற்ப மெதுவாகப் போனதால் தாங்கிக்கொண்டேன். அவ்வளவு மெதுவாக நான் எங்கேயும் போனதில்லை. சலிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

பந்தல் கண்ணுக்குத் தெரிந்தபோது நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. நோன்பு என்று வழியில் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் உடனே நின்றுவிட்டார். வழியில் யாரோ கொடுத்த வாழைப்பழத்தைத் துணிப்பையிலிருந்து எடுக்கச் சொன்னார். நான் அதைத் தின்று, பந்தல்காரர்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அவர் உட்காரக்கூட இல்லை.

பந்தலில் சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் டீம் ஒன்று தங்கியிருந்தது. மெதுவாக நடக்கிற டீம். நாளை எங்கள் நடுவில் வாருங்கள், தண்ணீரை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் கிளம்பப் பார்த்தேன். போன் போட்டுவிடுகிறேன், இருங்கள் என்றார்.

வீட்டுக்காரரின் குழறல் புரிவதற்காக ஸ்பீக்கரில்தான் போடுவார். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "டீம் நேத்தே போயிருச்சுங்க. நான் தனியாத்தான் வந்தேன். உங்ககிட்டப் பொய்யச் சொல்லிப் போட்டேன்," என்றார்.



"தெரியும்," என்றார் அவர். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "குருசாமி நேத்தே கூப்ட்டுச் சொன்னாரு. நீ சொல்றப்பச் சொல்லட்டும்னு இருந்தேன்."

இவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் இன்னும் முடிக்கவில்லை. "நடந்தது போதும். பஸ் ஏறி ஊட்டுக்கு வா. என் நடை நின்னாப் போகுது. நீ இல்லாம எனக்கு இங்க ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"உங்களுக்காக இல்லீங்க. இப்ப எனக்கே போகோணும்னு இருக்குது. ரண்டு நாள் பொறுத்துக்கங்க, வந்தர்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சரி, போயிட்டு வா என்றார்.

என் கடை நம்பரை ஒரு பெண் அந்த அம்மாவின் போனில் பதிந்து கொடுத்தாள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன், ஷூ அப்போதும் கழுத்தில்தான். என் மனைவி கஞ்சியைச் சூடு பண்ணினாள்.

உத்திரத்தன்று மத்தியானம் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் ஒரே மேளமும் அரோகராவும், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேல வந்துட்டேனுங்க சாமி," என்று கத்தினார். "மொதல்ல அவருகிட்டச் சொன்னேன். அப்புறம் உங்ககிட்டத்தான் சொல்றேன்."

வாங்க வந்த ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னாலேயே நான் அழுதேன்.