அனுப்புகிறவர் பெயர்

போன சனிக்கிழமை லேபல் பிரிண்டர் வாங்கப் போனேன். எனக்கில்லை. நான் யாருக்கு என்ன அனுப்பப் போகிறேன்? பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி... அதுவும் இமெயிலில் போய்விடுகிறது.

பக்கத்து வீட்டு சரஸுக்குத் துணையாகப் போனேன்.

சரஸின் மகள் தர்ஷினி, கைக்குழந்தைகளுக்கான சத்துமாவை ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தாள். மலேசியாவில், குளுவாங்கில், எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க ராகி வறுக்கும் வாசனை வந்தால் அன்றைக்கு ஆர்டர் அதிகம் என்று அர்த்தம். வறுத்து அரைப்பது அம்மா. பேக்கிங் மகள். பார்சல்களைக் கூரியர் கடையில் சேர்ப்பது அப்பா மணியம். மூன்றே பேர் கம்பெனி!

வருடத் தொடக்கத்தில் தர்ஷினிக்கு டிங்கி காய்ச்சல் வந்தது. ஒரே வாரம்தான். போய்விட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஆர்டர் நிற்கவில்லை. வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்? பூட்டிய அறைக்குள் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் சரஸ் அதை எடுத்தாள்.

“பச்சப் பிள்ளைங்க சாப்பிடுற சாமான்கா. எப்படி நிறுத்துறது?”

மணியம் மட்டும் கூரியர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், “மூடிடு” என்ற ஒரே பதில். மனைவி வெயிலில் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பார்... கார் சாவியைத் தொடமாட்டார். சரஸுக்குக் கோபம். எனக்கும்தான். என்ன மனிதர் இவர் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

சரஸ் லேபல்களைப் போனிலிருந்து வீட்டுப் பழைய பிரிண்டரில் அடித்து, வெட்டி, டேப் ஒட்டித்தான் அனுப்பி வந்தாள். மழைக்காலம் வந்தது. மெர்சிங்குக்குப் போன பார்சல் நனைந்து, மை கரைந்து, வாங்குகிறவர் முகவரி படிக்க முடியாமல் திரும்பி வந்தது. அதனால்தான் இந்தக் கடைப் பயணம்.

கடையில் இருந்த தமிழ்ப்பெண் பொறுமைசாலி. உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றைக் காட்டி, “இது பார்க்க அழகா இருக்கும் ஆன்ட்டி. ஆனா கூரியர் லேபல் இதுல கொள்ளாது. டப்பாவுல ஒட்டத்தான் சரி” என்றாள். இன்னொன்று கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடாது. அது சரஸிடம் இல்லை. மூன்றாவது நடுத்தரம். போனிலிருந்தே அடிக்கலாம். பெரிய லேபலும் வரும்.

“ஒண்ணு சொல்லிடறேன் ஆன்ட்டி. இதுல மை கிடையாது, சூட்டுலதான் எழுத்து வரும். நாளானா மங்கிடும். மங்காம இருக்கணும்னா ரிப்பன் போடுற மெஷின் இருக்கு. அது பெருசு.”

நான் சரஸைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு லேபலிலும் மகள் பெயர் அல்லவா இருக்கிறது? சரஸ் என்ன செய்யப் போகிறாளோ...

அவள் நிதானமாகச் சொன்னாள். “போய்ச் சேர்ற வரைக்கும் இருந்தா போதும்லா. யாரு அந்தப் பெட்டியை வச்சுப் பார்க்கப் போறாங்க?”

நடுத்தரத்தையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து போனை இணைத்தோம். முதல் லேபல் ‘கிர்ர்’ என்று வெளியே வந்தது. பளிச்சென்ற எழுத்து. மேலே வாங்குகிறவர் முகவரி, கீழே அனுப்புகிறவர்: தர்ஷினி மணியம்.

சரஸ் அதைப் பெருமையோடு மணியத்திடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“பேரை மாத்து.”

“ஏன் மாத்தணும்? இது அவ கடை! உங்களுக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு!”

நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் மணியம் என்னைப் பார்த்துப் பேசினார். மனைவியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

“கூரியர் கவுண்டர்ல பெட்டிமேல இருக்கிற அனுப்புறவங்க பேரைத்தான் கூப்பிடுவாங்க அக்கா. காரியம் முடிஞ்சு ஒரு தடவை போனேன். கவுண்டர் பையன் ‘தர்ஷினி’ன்னு சத்தமா கூப்பிட்டான். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்கா... வர்றாளான்னு. அவன் மறுபடி கூப்பிடுறான். நான்தானே கையைத் தூக்கணும்? தூக்க முடியல. பார்சலை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.”

இத்தனை மாதமும் இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ‘ஏன் போகமாட்டேன் என்கிறீர்கள்?’ என்று கோபமாகத்தான் கேட்டோம். அது கேள்வியே இல்லையே!

சரஸ் போனை எடுத்து மகள் பெயர் இருந்த இடத்தைத் திறந்தாள். ஒரேயடியாக அழிக்க வழியிருக்கிறது, நான் சொல்லியிருக்கலாம். அவள் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். முதல் எழுத்து மட்டும் மிஞ்சியதும் விரல் நின்றுவிட்டது. மணியம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். இருவரும் அந்த ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் பேரைப் போடு சரஸ்” என்றார்.

புதிய லேபல்கள் வந்தன. மணியமே ஒட்டினார். பைகளைத் தூக்கிக்கொண்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சரஸ் அடுத்த ஆர்டருக்கு ராகியை அடுப்பில் ஏற்றினாள். அரைமணி நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல்.

“சரஸ்வதின்னு கூப்பிட்டாங்க. கையைத் தூக்கிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். சரஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகள் இறந்த வீட்டில் மற்றவர்களையெல்லாம் தேற்றிக்கொண்டு நின்றவள் அவள்.

நான் எழுந்து போய் ராகி வறுக்கும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.