வாஞ்சிநாதன் விட்ட மூன்று இடங்கள்

டாலிகஞ்ச் டிராம் டிப்போவுக்குப் பின்புறத்துச் சந்தில் மூன்றாம் மாடியில் வசிக்கும் வாஞ்சிநாதன், முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியே வாழ்ந்தவர். ஆயினும் அக்கடிதங்களுள் ஒன்றிலேனும், நல்லது என்றோ தீயது என்றோ சுட்டும் ஒரு சொல்லை அவர் தாமாக இட்டதில்லை. அவர் பணியாற்றிய தேயிலைக் கம்பெனியின் வழக்கம் அப்படி.

கடிதப் பிரிவில் எழுத்தர் வரைவு எழுதுவார். 'மே', 'கேன்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகளும், 'பட்', 'ஆல்தோ', 'அன்லெஸ்' முதலிய இணைப்புச் சொற்களும் எழுத்தரின் பொறுப்பு. அவற்றுக்கு நடுவே வரவேண்டிய பெயரடைக்கு மட்டும் இரண்டு விரற்கடை இடம் விட்டு, அடியில் தம் பெயரை எழுதி மேலே அனுப்பிவிட வேண்டும். அதிகாரி சிவப்பு மையால் அந்த இடத்தை நிரப்புவார். ஒரு தாமதம் வருந்தத்தக்கதா, தவிர்க்க முடியாததா என்பது அந்தச் சிவப்பு மை தீர்மானிக்க வேண்டியது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அதிகாரி சென்குப்தா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வாக்கியத்தின் எலும்பு உன்னுடையது, வாஞ்சி. அபிப்பிராயம் என்னுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே."

குழப்பிக்கொள்ளவில்லை. எலும்பின் இயல்பை அவர் நுட்பமாகக் கற்றார். 'மே பி' என்று தொடங்கும் வாக்கியம் எத்துணை உயர்ந்த சொல்லை ஏந்தி வந்தாலும், பின்னால் வரும் 'பட்' அதை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிடும். 'மஸ்ட் பி' என்று அதட்டிய வாக்கியமும், 'அன்லெஸ்' வந்தவுடன் கொல்லைக் கதவைத் திறந்துவிடும். 'வில் பி' ஒன்றுதான் தன்னைப் பிணை வைப்பது. ஆதலால் கம்பெனி அதை அரிதாகவே வழங்கியது.

இதில் ஒரு விந்தை உண்டு. அவர் நாள்தோறும் காலையில் நீராடி, சுவாமி படங்களின் முன் அமர்ந்து, பழந்தமிழ்த் துதிகளை ஓதுபவர். அப்பாடல்களில் அடியவர் நெஞ்சம் தயங்குவதே இல்லை. இறைவனுக்கு அடைமேல் அடை சூட்டி, சொல் தீர்ந்த பின்னும் ஆசை தீராமல் நிற்கும். அத்தனை அடைமொழிகளையும் நாவில் ஏற்றிக்கொண்டு ஒன்பதரை மணிக்கு அலுவலகம் செல்பவர், அங்கே போய் ஒன்றுகூட இன்றி இடம் விடுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பழக்கம் அவரை விடவில்லை.

"ரசம் எப்படி இருக்கு?" என்பாள் மனைவி மீனாக்ஷி.

"நன்னா இருக்கலாம்."

"இருக்கலாமா? ரெண்டு தரம் விட்டுண்டாச்சு. இன்னும் என்ன 'லாம்' வேண்டிக் கிடக்கு?"

சென்ற ஆண்டு மீனாக்ஷி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவளைக் கவனித்துக்கொள்ள வந்தவள் மேக்னா. நாற்பது வயதைத் தாண்டியவள். ஹவுராக் கரையிலிருந்து படகேறி, பிறகு பேருந்து மாறி, பதினான்கு மாதம் அந்த வீட்டுக்கு வந்தாள். இப்போது மீனாக்ஷி கோலை ஊன்றித் தானே நடக்கிறாள். ஆகவே மேக்னாவுக்கு அங்கே வேலை முடிந்தது. கரியாஹாட் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் நிலையான பணி காலியாக இருந்தது; முன்பு வேலை பார்த்த வீட்டிலிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்டார்கள்.

"மேஷோமோஷாய், நீங்கள் எழுதித் தர வேண்டும்," என்று வங்காளியில் கேட்டாள் மேக்னா. பெரியவர்களை உறவு சொல்லி அழைப்பது அவ்வூர் மரியாதை. "முந்தின வீட்டுக்காரர் கொடுத்த கடிதத்தை இரண்டு இடத்தில் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்கள்."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். 'ஷி மே பி சின்சியர், பட் ஷி கேன் பி ஸ்லோ.' உண்மையாக உழைப்பவளாக இருக்கலாம், ஆனால் மந்தமாகவும் இருப்பதுண்டு. வசை ஒன்றும் இல்லை. வேலை கிடைக்காமற் போக அது போதுமாயிருந்தது.

ஞாயிறு பிற்பகல் முழுதும் உட்கார்ந்து எழுதினார். மணியான கையெழுத்து. 'ஷி மே பி' என்று தொடங்கி ஓர் இடம் விட்டார். 'பட் ஷி வில் பி' என்று தொடர்ந்து இன்னோர் இடம். அவளைப் பெறும் எந்த வீடும் எப்படிப்பட்டதாகும் என்று முடிக்கையில் மூன்றாவது இடம். காலையில் துதி ஓதி முடித்து, தெளிந்த மனத்தோடு நிரப்பலாம் என்று எண்ணினார். எண்ணியவர், கை பழக்கத்தில் அடியில் தம் பெயரை எழுதி, தாளை உறைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் பூஜையில் இருந்தபோது மேக்னா வந்தாள். மீனாக்ஷி உறையிலிருந்து தாளைப் பாதி இழுத்துப் பார்த்தாள், அடியில் கணவர் கையெழுத்து இருந்தது, கொடுத்தனுப்பிவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டிருந்தேளே," என்றாள் பிறகு, அவர் முகத்தைப் பார்த்து. "முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"இடம் விட்டிருந்தேன், மீனா."

"கையெழுத்துப் போட்டுட்டு இடம் விடுவாளா யாராவது?"

அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்தது அதைத்தான். மேக்னாவைக் கைபேசியில் அழைத்தார், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு ஆட்டோ மாறி, கரியாஹாட் சந்திப்பின் துணிக்கடை நெரிசலில் புகுந்து வழி கேட்டு, இல்லத்தின் படியேறும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

மேலாளர் அம்மையாரின் மேசைக்கு எதிரே மேக்னா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"இதை எழுதியவர் நீங்கள்தானா?" என்றார் அம்மையார். "நல்ல ஆங்கிலம், மோஷாய். ஆனால் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ஒன்றுமே இல்லை. சொல்ல மனமில்லாதவர் செய்வது இது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்."

மேக்னா தலை குனியவில்லை, வாஞ்சிநாதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, மூன்றாம் முறையும் நடந்துவிட்டது என்ற அயர்வுதான் இருந்தது.

"தவறு என்னுடையது. இப்போதே நிரப்பித் தருகிறேன்," என்றார்.

அம்மையார் பேனாவை நகர்த்தினார். வாஞ்சிநாதன் முதல் இடத்தின்மேல் முனையை வைத்தார். சொல் வரவில்லை. பின்னால் 'பட்' காத்திருக்கும்போது அவ்விடத்தில் ஒரு குறையைத்தான் வைக்க முடியும், அல்லது குறையாகப் போகும் ஒரு நிறையை. மேக்னாவுக்கு அங்கே வைக்க அவரிடம் ஏதுமில்லை. முந்தின வீட்டுக்காரரின் எலும்பையே தாமும் எழுதியிருந்தார்.

நினைவில் ஒரு காலைப்பொழுது வந்தது. மீனாக்ஷி தரையில் பாதம் வைக்க அஞ்சி, கட்டிலைப் பற்றிக்கொண்டு அழுத நாள். மேக்னா எதிரே நின்று, தன் பாதங்களின்மேல் அவள் பாதங்களை ஏற்றிக்கொண்டு, பின்புறமாக அடியெடுத்து வைத்தாள். ஜன்னல் வரை பதினோரு அடி.

"வேறு தாள் கிடைக்குமா?" என்றார்.

புதுத் தாளில் அந்தப் பதினோரு அடியை உள்ளது உள்ளபடி எழுதினார். பிறகு, வாழ்வில் முதன்முறையாக, யார் சிவப்பு மைக்கும் காத்திராமல் எழுதினார்: 'ஷி இஸ் ஜென்டில், அண்ட் ஷி இஸ் பிரேவ்.' மென்மையானவள், துணிவும் உடையவள்.

அம்மையார் படித்தார். "குறையே கிடையாதா?"

"படகு தாமதமானால் இவளும் தாமதமாக வருவாள்."

"எழுதுங்கள்."

எழுதினார். 'பட்' போடாமல், 'வென்' போட்டு. அம்மையார் கடிதத்தைக் கோப்பில் செருகி, முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்.

படியிறங்குகையில் மேக்னா கேட்டாள்: "மேஷோமோஷாய், நேற்று ஏன் எழுதவில்லை?"

அவர் வங்காளியில் சொல் தேடினார். "நான் எழுதலாம் என்று எனக்குத் தெரியாது," என்றார்.

வீடு திரும்பி இலையில் உட்கார்ந்தபோது மணி இரண்டு. மீனாக்ஷி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ரசம் ஊற்றினாள். செய்தி கேட்டு மகிழ்ந்திருந்தாள். ஆதலால் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

அவரே சொன்னார்: "உப்பு தூக்கல்."

மீனாக்ஷி கரண்டியோடு நின்றாள். "நாப்பது வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, இதுவா?"