கவுன்சிலிங்கில் அவர் சொன்னது

இன்று நானும் கணவரும் கல்மண்டபம் ஏரியாவில் திருமண கவுன்சிலிங்குக்குப் போனோம். வீட்டில் வாயே திறக்காத மனுஷனை மாற்றித் தாருங்கள் என்று நான்தான் நிறையப் பேசினேன்.

பிறகு கவுன்சிலர் அவரிடம், "நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

"வேலை முடிஞ்சி வந்தா, வண்டிய நிறுத்திட்டு கீழயே கொஞ்ச நேரம் குந்திகினு இருப்பேன் மேடம். மேல போனா இன்னா திட்டு வாங்கணுமோன்னு பயமா கீது."

கீழே நின்று போனில் யாருடன் அரட்டை என்று நேற்றுகூடத் திட்டியிருந்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்: "தப்பா சொல்லிட்டனா?"

"இல்லபா" என்றேன்.

கவுன்சிலிங்கால் பயன் உண்டா என்று கேட்ட தோழிகளே, உண்டு. அவரைத் திருத்தக் கூட்டிப்போய் நான் மாட்டிக்கொண்டேன். வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.