அடிபம்புக்கு ஒதுங்கிய கால்

நான் கராத்தே கற்றது புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூரில், எங்கள் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தின் பின்முற்றத்தில். பெண்பிள்ளை கால்சட்டை மாட்டிக்கொண்டு காலைத் தூக்குவதா என்று அப்பா குதித்தார். நான் அவரைவிட உயரமாகக் குதித்தேன். சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அப்பா இறங்கி வந்தார். கோபம் எனக்குப் பிறவிச் சொத்து. அதை இறக்கி வைக்க எங்கேயாவது ஓர் இடம் வேண்டியிருந்தது.

மாஸ்டர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி முடிந்து நேராக வருவார். காக்கிச் சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, வெள்ளை உடுப்புக்கு மாறி, "இச்சி, நி, சான்" என்று ஜப்பானிய மொழியில் எண்ணுவார். பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டுகிற அதே குரல்தான். எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால், குனிந்து "ஓஸ்" என்று மாஸ்டருக்குப் பணிவு சொல்லிவிட்டு முற்றத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

கட்டா என்று ஒன்று உண்டு. எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அடியையும் தடுப்பையும் வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டுவது. அதில் ஒரு திருப்பத்தில், முன்னே போகும்போது, இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்போம். மாஸ்டர் அப்படித்தான் காட்டினார், நாங்களும் அப்படியே செய்தோம். மாஸ்டரிடம் ஏன் என்று கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது.

பிளாக் பெல்ட்டுக்கு முந்தின பிரவுன் பெல்ட் வாங்கிய கையோடு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் போய் இறங்கினேன். பாஷை தெரியாமல் கடையில் வெங்காயத்தைக்கூட விரலால் சுட்டித்தான் வாங்கினேன். இப்படி ஊமையாகவே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பக்கத்துத் தெரு கராத்தே வகுப்புக்குப் போனேன். அங்கேயும் "இச்சி, நி, சான்" என்றார்கள். அட, இது நம்ம பாஷையாயிற்றே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் பிளாக் பெல்ட் தேர்வுவரைதான். கட்டாவைப் பாதியில் நிறுத்தச் சொன்னார் தேர்வாளர். "அந்தக் கால் எங்கிருந்து வந்தது?" என்றார். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் வாதாடினேன். என் பின்னால் யாரோ சிரித்தார்கள். தோற்றேன். ரயிலில் வீடு திரும்பும்போது திடீரென்று அந்த முற்றம் கண்முன் வந்தது. நடுவில் ஓர் அடிபம்பு! அதில் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் நாங்கள் அத்தனை பேரும் ஒதுங்கினோம். பாழாய்ப்போன ஒரு பம்பு பிரான்ஸ் வரைக்கும் என்னோடு வந்திருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

காலைத் திருத்த மாதக்கணக்கானது. பிறகு பிளாக் பெல்ட் கிடைத்தது. கணவருக்கு, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு மாற்றல் வந்தபோது, அங்கே முதல்முறையாக நானே வகுப்பெடுத்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் வில்லியனூருக்கே திரும்பிவிட்டேன்.

ரிட்டயர் ஆன மாஸ்டர் பாகூர் பக்கம் ஒரு திடலில் வகுப்பெடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சுற்றிலும் நெல்வயல், நடுவில் வெட்டவெளி. பிள்ளைகள் கட்டா செய்தார்கள். அந்தத் திருப்பம் வந்ததும் ஒருவர் விடாமல் இடது காலைத் தள்ளி வைத்தார்கள். இல்லாத பம்புக்கு! சிரிப்பு வந்தது. கூடவே என் தேர்வும் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் அவர்களுக்குத் தேர்வு, வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். முன்வரிசையில் நின்ற, மணப்பட்டு மீனவர் குப்பத்துப் பெண் பிளாக் பெல்ட்டுக்குப் போகிறாள். அது கிடைத்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் கராத்தே டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். தங்கள் வீட்டில் மீன்கூடை தூக்காமல் சம்பாதிக்கப்போகும் முதல் பெண் அவள்தான் என்று அவள் அம்மா என்னிடமே பெருமைப்பட்டார்.

வகுப்பு முடிந்ததும், அந்தக் காலைத் தள்ளி வைப்பது தப்பு என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

"இன்னாடி, பிரான்ஸ்லேர்ந்து வந்து எனுக்கே பாடம் எடுக்கிறியா?"

"பம்பு இருந்துச்சி மாஸ்டர். அதுக்காகத் தள்ளி வெச்சோம்."

அவர் முகம் மாறியது. "ஆமா... ஒரு பொண்ணுக்கு அதுல மொழங்கால் பேந்துச்சி. அதான் தள்ளி வெய்யின்னேன். அப்பறம் எனுக்கே மறந்துபோச்சி." மொபெட் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுக்காக? இத்தினி வருசமா சொல்லிக்குடுத்தது தப்புன்னு இந்தப் புள்ளைங்ககிட்ட எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்லுவேன்? போ, உன் வேலையப் பாரு" என்றார்.

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "நான் அங்க எந்த மூஞ்ச வெச்சிகினு நின்னேன்னு கேட்டீங்களா?" என்று தேர்வில் நடந்ததைக் கொட்டிவிட்டேன். அவருக்கு அது தெரியாது, யாரும் சொல்லியிருக்கவில்லை. மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மணப்பட்டுப் பெண் தேறிவிட்டாள், வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற தகப்பனிடம் வாயாடியபோதுகூட அப்படி வலித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. "திடலுக்கு வா." அவ்வளவுதான்.

போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், பெற்றவர்கள் சிலரும் ஓரமாக நின்றார்கள். "இந்த எடத்துல நான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். இவங்க திருத்துவாங்க. கவனமா கேளுங்க" என்றார் மாஸ்டர். இவங்க! என்னை "வாடி, போடி" என்று சொல்லாமல் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்புறம் விறுவிறுவென்று நடந்து, கடைசி வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நான் எண்ணத் தொடங்கினேன். பிள்ளைகளின் கால் சீக்கிரமே வழிக்கு வந்தது. மாஸ்டரின் கால் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தள்ளியே விழுந்தது. அவர் குனிந்து தன் காலையே முறைத்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். ஆனால் வகுப்பெடுக்கும்போது எனக்கு ஆள் தெரியாது, தப்பு மட்டும்தான் தெரியும்.

"கடைசி வரிசை! கால எங்க வெக்கற?"

கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்தினேன் என்பது உறைத்தது. மணப்பட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாஸ்டர் நிமிர்ந்தார். கைகளைத் தொடையோடு சேர்த்து வைத்து, மாணவன் குனிய வேண்டிய அளவுக்குச் சரியாகக் குனிந்து, "ஓஸ்" என்றார். பிறகு பழைய இடத்துக்கே போய் நின்று, இடது காலை ஒருமுறை உதறிக்கொண்டார்.

"இன்னா நிறுத்திட்டீங்க? எண்ணுங்க" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு "இச்சி" என்றேன்.