பூசைக்கு வைத்த போத்தல்

பல்கலைக்கழகம் மூடியிருந்த நாட்களில், இரசாயனம் படிக்கும் என் மகள் ஒரு போத்தலை தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டங்ஸ்டனும் ஒட்சிசனும் கூடுபோலக் கட்டிய உப்பில் செம்பைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்திருக்கிறாளாம். அசையாமல் வைத்தால் கற்கண்டுபோலப் பளிங்கு வளரும்; பிறகு அதன் காந்தத் தன்மையை அளப்பார்களாம்.

"செம்புல காந்தம் ஒட்டாதேம்மா?"

"இதுல என்னா செய்யுதுன்னு பார்க்கத்தாம்ப்பா இவ்வளவு பாடு," என்று சிரித்தாள்.

மூன்று வாரத்தில் அடியில் நீலப் பளிங்குகள் மின்னின. சரஸ்வதி பூசையன்று அவள் கடைக்குப் போனபோது, தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தியோடு அந்தப் போத்தலையும் சாமி படத்தின் முன் வைத்தேன். பொட்டிட்டு, போத்தலை ஒட்டினாற்போல் விளக்கேற்றினேன். அவள் வந்து தொட்டபோது போத்தல் சுட்டது. பளிங்கெல்லாம் கரைந்து நீலத் தண்ணீராகியிருந்தது.

"ஏம்ப்பா எடுத்தீங்க?"

"ஒனக்கு நல்லா வரட்டும்னுதாம்மா..."

"திங்கக்கிழமை அளக்கக் குடுக்கணும்ப்பா. இனி வளர நாளில்ல." போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த அளவீடு இல்லாமலேயே ஆய்வறிக்கையை ஒப்படைத்தாள். என்னைத் திட்டவேயில்லை. எடுக்கலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், படித்த மகளிடம் கேட்கக் கூச்சப்பட்டேன். சாமியிடம் கேட்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.