விரலை எடுத்தால் நிற்கும் பஸ்

ஞானசேகரன் கடலூர்–சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம். மண்ணைவிட என்ஜின் சத்தம் பிடித்துப்போனதால் சின்ன வயதிலேயே லாரியில் கிளீனராகச் சேர்ந்து, படிப்படியாக டிரைவரானவர். கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்தில் வாடகை வீடு. மனைவி ரேகா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிற ஆள் என்று கம்பெனியில் அவருக்குப் பெயர்.

ஒரு ஐப்பசியில் அந்தப் பெயர் போயிற்று.

தூறல் விழுந்துகொண்டிருந்த மத்தியானம். பெரியப்பட்டு தாண்டியதும், சவுக்குத் தோப்பை ஒட்டிய மண்பாதையிலிருந்து ஒரு மொபெட் திடுதிப்பென்று ரோட்டில் ஏறியது. அவர் பிரேக்கை ஏறி மிதித்தார். ஈர ரோட்டில் பஸ் வழுக்கிக்கொண்டே போய் மொபெட்டின் பின்பக்கத்தில் மோதியது. ஓட்டி வந்தவர் அந்தோணிசாமி என்கிற கொத்தனார். தூக்கி எறியப்பட்டதில் தொடை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

என்ன வேகத்தில் வந்தாய் என்று போலீஸ் கேட்டபோது, "நாப்பதுலதான் வந்தேன் சார்" என்றார். கண்டக்டர் பாலகுமாரும் அதையே சொன்னான். மொபெட்காரர் பார்க்காமல் ஏறியதைப் பயணிகள் சிலரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. தப்பு அந்தோணிசாமி மேல் என்று கேஸ் நகர்ந்தது. கவலைப்படாதே என்று மேனேஜர் போனில் சொன்னார்.

ஆனால் அடுத்த வாரம் டிப்போவில் ஒரு வண்டியை நகர்த்தி நிறுத்தச் சீட்டில் உட்கார்ந்ததும் ஞானசேகரனின் வலது கால் நடுங்க ஆரம்பித்தது. மூட்டுவலி என்று சொல்லி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸில் பயணியாகப் போனாலும், முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது. மார்க்கெட்டில் மொபெட் சத்தம் கேட்டால் கடையோரம் ஒதுங்கி நின்றுவிடுவார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதை ரேகா கவனித்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவளிடமும் மூட்டுவலி என்றே சொன்னார். வண்டி அவர் கையை மீறிப் போனது ஞாபகத்தில் இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே கிடந்து உருண்டது. அது என்னவென்று பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

விபத்தில் மாட்டிய டிரைவர் ஒரு பயிற்சியை முடித்தால்தான் மறுபடி ரூட்டில் ஓட்டலாம் என்பது கம்பெனி விதி. பயிற்சி மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடி ஹாலில். முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது ஒருமுறை இதுபோல் ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறார். அப்போது வீடியோதான். அதில் விபத்து வரும் நேரத்தில் அவர் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படம் தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. இந்தத் தடவையும் அப்படித் தப்பித்துவிடலாம் என்று நினைத்துத்தான் படியேறினார்.

உள்ளே வீடியோ இல்லை. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். பாடம் தயாரித்த நிறுவனத்திலிருந்து வினோதினி என்ற பெண் வந்திருந்தாள். சிதம்பரம் கீழவீதிக்காரி. படங்களை வரைந்து அசையவைத்ததே அவள்தான்; டிரைவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தாள்.

திரையில் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு நெடுஞ்சாலை. ஒரு பஸ். இடது பக்கம் ஒரு மண்பாதை, அதில் ஒரு மொபெட். கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு வட்டம். வட்டத்தை விரலால் வலப்பக்கம் இழுத்தால் பஸ்ஸும் மொபெட்டும் நகரும்.

மற்ற டிரைவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். ஞானசேகரன் விரலை வைக்கவில்லை. தான் தொடாதவரை அந்த மொபெட் மண்பாதையிலேயே பத்திரமாக நிற்கும். தொட்டால் ரோட்டில் ஏறும். ஏற்றுவது தன் விரல்தான்.

வினோதினி அருகில் வந்து, டேப்லெட் வேலை செய்யவில்லையா என்று விசாரித்தாள். அதெல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் தலையாட்டினார்.

"நீங்க இழுத்தாதான் சார் போவும். விரல எடுத்தா அப்படியே நின்னுடும்" என்றாள்.

"பின்னாடி இழுக்கலாமா?"

"இழுக்கலாம். எத்தன தடவ வேணும்னாலும்."

அவர் வட்டத்தின் மேல் விரலை வைத்தார். வியர்வையில் விரல் வழுக்கியது. பஸ் கொஞ்சம் நகர்ந்தது. மொபெட்டின் முன்சக்கரம் ரோட்டுக்கு வந்ததும் விரலை எடுத்தார். எல்லாம் நின்றது. அன்றைக்கு ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துபோனது, இப்போது கண்ணெதிரே அசையாமல் இருந்தது.

பக்கத்தில் வேகத்துக்கு என்று இன்னொரு கோடு. அதை நகர்த்தினால், பிரேக் மிதித்த பிறகு பஸ் எதுவரை போய் நிற்கும் என்பது சிவப்புப் பட்டையாக ரோட்டின் மேல் நீளும். காய்ந்த ரோடு, ஈர ரோடு என்று இருந்ததில் ஈர ரோட்டைத் தேர்ந்தெடுத்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வேகத்தை எழுபதுக்கு இழுத்தார்.

சிவப்புப் பட்டை மொபெட்டைத் தாண்டி வெகுதூரம் ஓடியது.

மெதுவாகக் குறைத்தார். பட்டை சுருங்கி வந்தது. இன்னும் மொபெட்டின் மேலேயே கிடந்தது. நாற்பதுக்குக் கொண்டுவந்தபோது அது மொபெட்டுக்கு முன்னாலேயே முடிந்தது. நடுவே வெறும் ரோடு.

அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தார். அன்றைக்கு மீட்டரில் இருந்தது எழுபது. நாற்பதில் வந்திருந்தால் இடித்திருக்காது. நாற்பது என்று போலீஸில் சொல்லிச் சொல்லி, தனக்கே அது உண்மைபோல ஆகியிருந்தது. இத்தனை நாள் காலை நடுங்கவைத்தது எது என்பது இப்போது தெரிந்தது. தெரிந்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று.

திரும்பி வந்து வினோதினியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் எங்க எங்க இழுத்தேன்னு ஆபீசுக்குத் தெரியுமாம்மா?"

முடித்தாரா இல்லையா என்பது மட்டும்தான் போகும் என்றாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளும் கொஞ்சம் மிரண்டுபோயிருந்தாள். வண்டி நிற்கும் தூரத்தின் கணக்கை ஒரு என்ஜினீயர் போட்டுக் கொடுத்தார், நிஜ ரோட்டில் கூடக்குறைய இருக்கலாம், நான் படம் மட்டும்தான் போட்டேன் என்று அவர் கேட்காமலேயே விளக்கினாள்.

சர்டிபிகேட் கிடைத்தது. ஆனால் அவர் டிப்போவுக்குப் போகவில்லை. பாலகுமாரைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்து, ஸ்டேஷனுக்குப் போய் வேகத்தை மாற்றிச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

பாலகுமார் டீயைக் கீழே வைத்தான். "நானும் நாப்பதுன்னுதான மச்சான் சொல்லி வச்சிருக்கேன். என்னையும் சேத்து மாட்டி உடுறியா?"

நீ மீட்டரைப் பார்க்கவில்லை, நான் சொன்னதை நம்பினாய், அப்படியே சொல் என்றார் ஞானசேகரன். பாலகுமார் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ரேகாவிடம் சொன்னபோது அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். லைசென்ஸ் போய்விடுமா என்று கேட்டாள். போகலாம், ஜெயில்கூட இருக்கலாம், தெரியவில்லை என்றார். தைத்த பிளவுஸை நூல் அறுத்து மடித்து வைத்துவிட்டு, "பயமாத்தான் இருக்குது. போயி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு மூன்றாவது முறை உள்ளே போனார். எழுபது என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னதில், இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்கவேண்டியிருந்தது. பிறகு வக்கீல், கோர்ட், அபராதம். லைசென்ஸைச் சில மாதம் நிறுத்திவைத்தார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. பாலகுமாரைப் போலீஸ் விசாரித்ததோடு விட்டுவிட்டது. அவன் ஞானசேகரனிடம் பேசுவதில்லை. அந்தோணிசாமியின் நஷ்டஈட்டு வழக்கில், தப்பு இரண்டு பக்கமும் உண்டு என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பு வந்த பிறகு ஞானசேகரன் அவரைப் பார்க்கப் போனார். அந்தோணிசாமி காலில் கம்பியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தான் வேகமாக வந்ததை ஞானசேகரன் நேராகச் சொன்னார். அந்தோணிசாமி உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கடைசியில், "நானும் பாக்காமதாங்க ஏறுனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு, சேத்தியாத்தோப்பு வழியாக ஸ்ரீமுஷ்ணம் போகும் ஒரு பஸ்ஸில் வேலை கிடைத்தது. ஊருக்கு ஊர் நிற்கும் வண்டி. முதல் நாள் உள்ளங்கை ஈரமாகி, ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பிடித்தார். கால் நடுங்கத்தான் செய்தது. சொல்லாமல் கொள்ளாமல் ரேகா ஏறி, டிக்கெட் வாங்கி, அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வயலோரத்தில் ஆடுகள் குறுக்கே வந்தபோது அவர் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசி ஆடும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார். பின்னால் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கியதும், வந்தது வந்தோம், கோயிலில் பூவராகப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாமா என்று ரேகா கேட்டாள். அடுத்த டிரிப் எடுக்க வேண்டும், நீ போய்விட்டு வா என்றார். அவள் கோயில் பக்கம் நடந்தாள். அவர் சீட்டிலிருந்து இறங்காமல், கால் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.