அவித்த கம்பளி

உள் அறையிலிருந்து பெரிய தும்மல் ஒன்று கேட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிளாரன்ஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். போன வாரம் இந்தத் தும்மலைக் கேட்கக் கொடுத்துவைக்காதா என்று பனிமய மாதா கோயில் தரையில் விழுந்து கிடந்தவள் அவள். புருஷன் தும்மினால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். வேறு என்ன வேண்டும்?

"ஏளா பிளாரன்ஸு, தைலத்தை எங்க வச்ச?"

"தலையணைக்குக் கீழ. நேத்தும் அங்கனதான் இருந்துச்சு, முந்தாநாளும் அங்கனதான் இருந்துச்சு."

"தலையணையை நீ மாத்திட்டியே."

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜன்னல் பக்கம் நின்ற மகள் சுஜிதா திரும்பினாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா, ஆட்டோவுல அத்தை வாராங்க. தனியா வாராங்க. கையில பை இருக்கு."

அத்தை என்று சுஜிதா சொன்னது ஜெபசெல்வியை. சாத்தான்குளத்துக்காரி. அவள் மகன் பிரைட்டனுக்கும் சுஜிதாவுக்கும் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. 'இவனுக்கும் இவளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள்' என்று சாமியார் பூசையில் அறிவிக்கிற ஓலை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோன பெண்ணை இந்தக் கடற்கரை எப்படிப் பார்க்கும் என்று பிளாரன்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெபசெல்வி நேற்று போனில் இவ்வளவுதான் சொன்னாள். "நாளைக்கு நேர்ல வாரேன். கல்யாண விஷயம் பேசணும்." அதிலிருந்து சுஜிதா சாப்பிடவில்லை. பிரைட்டனைக் கேட்கலாம் என்றால் அவன் போன் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரைட்டன் இன்ஜின் டிரைவர். பிளாரன்ஸின் புருஷன் செபாஸ்டின் தண்டலாக, அதாவது தலைவராக, இருந்து ஓட்டிய சரக்குத் தோணியில்தான் அவனுக்கு வேலை. காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், வாடைக் காற்றில், அந்தத் தோணி மூழ்கிப்போனது. ஆட்கள் அத்தனை பேரும் ஒரு சின்னப் படகில் ஏறி, விடிய விடிய மழையிலும் காற்றிலும் நனைந்து கிடந்து, ஒரு சரக்குக் கப்பல் கண்ணில் பட்டுக் கரை சேர்ந்தார்கள். மாமனார் தோணியிலேயே மருமகன் சாகக் கிடந்தான். எந்தத் தாய் பொறுப்பாள்?

செபாஸ்டினைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் முறை. கடற்கரையில் பட்டப்பெயர் இல்லாத மனிதர் கிடையாது. செபாஸ்டினுக்குக் கிடைத்த பட்டம் 'கம்பளித் தண்டல்'. பனியைக் கண்ணால் பார்த்தறியாத ஊரில் பனியின் பேரில் ஒரு மாதா இருக்கிறாள், கம்பளியின் பேரில் ஒரு தண்டல் இருக்கிறான் என்று துறைமுகத்தில் கேலி பேசுவார்கள்.

இளவயதில் அவர் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் டெக் வேலைக்குப் போனவர். நார்வே பக்கத்துக் குளிரில், நனைந்த பருத்திச் சட்டையோடு பல் கிடுகிடுத்து நின்றவரைப் பார்த்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டார். கறுப்பு நீலம், முரட்டுப் பின்னல். அன்றைக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் போட்டிருந்தும் உடம்புக்குள் சூடு நின்றது. அதை அவர் மறக்கவே இல்லை. இன்னொரு நாள் வெல்டிங் பொறி தெறித்தது. பக்கத்தில் நின்றவனின் நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. இவர் நெஞ்சில் விழுந்த பொறி, மயிர் கருகுகிற நாற்றம் மட்டும் காட்டிவிட்டு அணைந்தது.

"பருத்தி நனைஞ்சா நம்ம சூட்டையெல்லாம் குடிச்சிரும். கம்பளி நனைஞ்சாலும் நம்ம சூட்டை நம்மகிட்டயே விட்டுவைக்கும்" என்பார். காய நேரமாகும், நனைந்தால் கனக்கும், அதையும் மறைக்க மாட்டார். "கனத்தா கனக்கட்டும். கட்டுன பொண்டாட்டியும்தான் கனக்கா. இறக்கியா வைக்கேன்?"

அந்த ஸ்வெட்டருக்கு ஒரே சட்டம் வைத்திருந்தார். துவைக்கக் கூடாது. நிழலில் காற்றாட விட்டால் போதும், வியர்வை நாற்றம் தானாகப் போய்விடும். பிளாரன்ஸுக்கோ அதற்கு நேர் எதிரான சட்டம். கடலுக்குப் போய் வந்த துணி எதுவானாலும் சலவைச் சோடா போட்டு, கொதிக்கக் கொதிக்க அவித்து, அடித்துத் துவைத்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். அவள் அம்மா அப்படிச் செய்தாள், தெருவே அப்படித்தான் செய்கிறது. ஆனாலும் புருஷன் சொல்லுக்காக அந்த ஒரு துணியை மட்டும் இத்தனை வருஷமாகத் தொடாமல் விட்டிருந்தாள்.

நிச்சயம் பேச வந்த நாள்வரை.

அன்று முன் அறைக் கொடியில் அது தொங்கியது. மழைக்காலத்து ஈரம் வேறு. உள்ளே வந்து உட்கார்ந்த ஜெபசெல்வி மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "ஆடு வளர்க்கீயளா? ஆட்டு வாடை அடிக்கே."

பிளாரன்ஸுக்கு உயிர் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் போன கையோடு ஸ்வெட்டரைச் சோடாப் பானையில் போட்டு அவித்தாள். அகப்பைக் காம்பால் அமுக்கி அமுக்கி அவித்தாள். வெளியே எடுத்தபோது அவள் கையில் இருந்தது செபாஸ்டினின் ஸ்வெட்டர் இல்லை. பாதியாகச் சுருங்கி, பின்னல் தெரியாமல் இறுகி, தோல் மாதிரித் தடித்துப் போன எதுவோ. அழுதாள். காய வைத்தாள். சொல்லத் தைரியம் வராமல், மடித்து அவர் பைக்குள் அடியில் வைத்து அனுப்பிவிட்டாள்.

தோணி மூழ்கிய சேதி வந்தபோது அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். குளிரில் அவர் கை பையைத் துழாவும். அந்தச் சுருங்கிப்போன பாவத்தைத்தான் தொடும்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஜெபசெல்வி உள்ளே வந்தாள். முகம் இறுகியிருந்தது. சுஜிதா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வைம்மா. முதல்ல பேசிக்கிடுதேன்" என்றாள்.

தண்ணீரைத் தொடவில்லை. பிளாரன்ஸின் கண் அந்தப் பையைவிட்டு அகலவில்லை. நிச்சயத்துக்குத் தந்த பட்டுச் சேலை உள்ளே இருக்கும், திருப்பித் தரத்தான் வந்திருக்கிறாள். சுஜிதா குசினிக்குள் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள்.

ஜெபசெல்வி பைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது சேலை இல்லை. கறுப்பு நீலத்தில், உப்புப் பூத்து, அவித்த ஸ்வெட்டர்.

"அண்ணாச்சி எந்திரிச்சு வர முடியுமா மைனி?"

செபாஸ்டின் போர்வையைச் சுற்றிக்கொண்டு மூக்கைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். அகலமான மனிதர். நாற்காலி முனகியது.

"மருமகன் எப்படி இருக்கான் தங்கச்சி?"

"நேத்து வீட்டுக்கு விட்டுட்டாங்க. ரெண்டு தட்டு இட்லி கேக்கான். நல்லா இருக்கான்." அவள் ஸ்வெட்டரை முன்னால் விரித்து வைத்தாள். "நான் மறைக்காமச் சொல்லுதேன் அண்ணாச்சி. சேதி கேட்டதுலருந்து இந்தக் கல்யாணத்தை நிறுத்திப்போடணும்னுதான் நினைச்சேன். எங்க ஊரு செம்மணல் தேரிக்காடு. எங்க வம்சத்துல முட்டளவு தண்ணிக்கு மேல இறங்குனவன் கிடையாது."

குசினியில் தம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனேன். பக்கத்துக் கட்டில்ல உங்க தோணி ஆளு ஒருத்தரு, இவனை மாதிரி ரெண்டு பங்கு இருப்பாரு. அவருக்கு நடுக்கம் நிக்கவே இல்லை, மூணு போர்வை போட்டும். இப்பம் தேறிட்டாரு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கான், இன்ஜின் அறையில கழுத்தளவு தண்ணியில நின்னு பம்பு அடிச்சிருக்கான், அவன் என்னன்னா 'அம்மா, சாப்டியா'ன்னு கேக்கான். டாக்டரு இதைத் தொட்டுப் பார்த்துட்டு, இது நல்ல கம்பளி, இதாலதான் இவரு சூடு ரொம்ப இறங்காம நின்னுருக்குன்னு சொன்னாரு. நர்ஸு கத்தரிக்கோல் கொண்டு வந்தா. இவன் வெட்ட விடல. 'மாமா குடுத்தது'ன்னு நெஞ்சோட பிடிச்சுக்கிட்டான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"உங்க உடம்புல கிடந்ததை உருவி என் பிள்ளைக்குப் போட்டிருக்கீய. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா? அப்படிப்பட்ட வீட்டை நான் வேண்டாம்னு சொன்னா கர்த்தர் என்னை விடுவாரா? அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பிளாரன்ஸுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. அடுத்த நொடியே வேறொன்று ஏறி அடைத்தது. செபாஸ்டின் மனைவியைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கமாட்டார், அவளைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். மகள் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் இந்தத் தாய் அழுகிற அழுகை செய்யாத ஒரு தியாகத்துக்கு. அந்த அழுகையின் மேல் மகளை வாழ அனுப்புவதா?

"மைனி" என்றாள் பிளாரன்ஸ். "அவரு கழட்டிக் குடுக்கல."

"என்ன சொல்லுதீய?"

"அது அவருக்குத் தலையே நுழையாது. நான் அவிச்சுட்டேன். சோடா போட்டு அவிச்சதுல பாதியாப் போச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு அப்படியே பையில வச்சு அனுப்பிட்டேன்."

"இத்தனை வருஷம் துவைக்காததை இப்பம் எதுக்கு அவிச்சீய?"

பிளாரன்ஸ் தரையைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க ஆட்டு வாடைன்னு சொன்னீயல்லா."

செபாஸ்டின் தும்மலை அடக்கப் பார்த்து, முடியாமல், போர்வைக்குள் தும்மினார்.

"முதல் நாளே எடுத்துப் பார்த்துட்டேன்" என்றார். "பயலுவ சிரிச்ச சிரிப்பு கரை வரைக்கும் கேட்டிருக்கும். தண்டல் குழந்தையா இருக்கும்போது போட்ட சட்டைன்னான் ஒருத்தன். நம்ம மருமகன்தான் ஒல்லி. அவன்கிட்ட குடுத்து, போடுலே, உங்க அத்தை உனக்குன்னே அவிச்சிருக்கான்னு சொன்னேன். எனக்கு எதுக்கு? எனக்கு என் உடம்பே கம்பளி."

ஜெபசெல்வியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து பிளாரன்ஸ் பதறி எழுந்தாள். அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. இந்த வீட்டில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அப்பம் என் வாய்க் கொழுப்பும் உங்க சோடாவும் சேர்ந்துதான் என் பிள்ளையைக் கரை சேர்த்திருக்கு."

"அவிச்சதும் நல்லதுக்குத்தான் தங்கச்சி" என்றார் செபாஸ்டின். "பழைய பின்னல்ல காத்து கொஞ்சம் உள்ள நுழையும். இப்பம் இறுகிப் போச்சு பாருங்க, ஊதிப் பாருங்க. வாடைக்கு இது கதவு சாத்தின மாதிரி. நானும் இத்தனை வருஷம் துவைக்காதேன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தேன்."

ஜெபசெல்வி உண்மையாகவே அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கடலுக்குப் போகாதேன்னா கேக்க மாட்டேங்கான். அடுத்த தோணி எப்பன்னு கேக்கான். நான் ஒண்ணு கேப்பேன், மறுக்கக் கூடாது."

குசினி வாசலுக்கு சுஜிதா வந்து நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு கோட்டு சூட்டு எடுக்கதாச் சொன்னீயல்லா, அது வேண்டாம். ஒரு நாள் போட்டுட்டு அலமாரியில கிடக்கும். அதுக்குப் பதிலா இதே மாதிரிக் கம்பளி, அண்ணாச்சிக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு வாங்குங்க. பெருசா வாங்குங்க. மைனிதான் அவிச்சுக் குடுக்கணும்."

"எனக்குத் தெரிஞ்ச கப்பல்காரன்கிட்டச் சொல்லி வாங்கிருதேன்" என்றார் செபாஸ்டின். "அவிக்கதுக்கு முன்னாடி என்னையும் ஒரு வார்த்தை கேட்டா நல்லாருக்கும்."

"உங்களை எதுக்குக் கேக்கணும்" என்றாள் பிளாரன்ஸ். முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு, ஒரு வாரமாக அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். ஜெபசெல்வி எழுந்து வந்து அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

சுஜிதா மறுபடி தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெபசெல்வி வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். டீயும் குடித்தாள். முறுக்கு ஒன்றைக் கடித்து, எண்ணெய் பழசு என்றாள். சம்பந்தி என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கும்போது நானும் வந்து உக்காருதேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். "உங்க கோயிலு எங்க சபை இல்லைதான். ஆனா யாரு தடை சொல்லுதான்னு பாக்கணும்."

"பிரைட்டன் பேசுவானா அத்தை?" சுஜிதா மெதுவாகக் கேட்டாள்.

"போனுக்குத்தான் ஏங்கிக்கிட்டிருக்கான். இன்னைக்கு என் போனைக் குடுக்கேன். ரொம்ப நேரம் பேசாதீங்க, சார்ஜ் நிக்காது."

ஸ்வெட்டரை அவள் மறக்காமல் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டாள். அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் கொண்டுவந்தாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

மழை தூறத் தொடங்கியிருந்தது. வாடை வாசல் வழியாக உள்ளே வந்து காலண்டரைப் புரட்டியது. செபாஸ்டினுக்கு மறுபடி தும்மல் வந்தது. ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை பார்த்து நின்ற பிளாரன்ஸ், உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.